சிவப்பு பெரியவள், மஞ்சள் சின்னவள்

என் தம்பிக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. சித்தியின் மகன்தான், ஒரே வீட்டில் அடித்துப் பிடித்து வளர்ந்ததால் தம்பி. "ஒரு போட்டோவ டிஜிட்டல் பண்றதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? போனை எடு, ஒரு கிளிக், முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவரிலிருந்த படத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் படுக்க வைத்தான். ஒரு கிளிக் இல்லை, பதினேழு கிளிக் ஆயிற்று. பதினேழிலும் என் அம்மாவின் நெஞ்சுக்கு மேல் இவனுடைய வழுக்கையும் அதற்குப் பின்னால் ஜன்னல் கம்பியும் விழுந்திருந்தன.

"எங்க அம்மாவ உன் மண்டைக்குள்ள அடைச்சு வச்சிட்டியேடா" என்றேன்.

"பிரேம் கண்ணாடிதான் பிரச்சினை சின்னிக்கா. கண்ணாடிய எடுத்துட்டா சரியாயிடும்."

"எடுத்துத்தான் பாரேன்."

பின்பலகையின் ஆணிகளைக் கரண்டிக் காம்பால் நெம்பினான். படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஐம்பது வருஷ ஈரமும் வெயிலும் சேர்ந்து பசை போட்டுவிட்டன. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பப் பார்த்தான். மெல்லிய தோல் மாதிரி ஒரு துணுக்கு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவன் கையில் பளாரென்று ஒன்று போட்டேன். நல்லவேளை, மூலையில் வெறும் சுவர்தான் இருந்தது.

படத்தின் முதுகில் நீல மையில் மூன்று வரி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். சித்தி சொல்லிச் சொல்லிக் கேட்டது. ஆனால் அம்மாவின் கையெழுத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். 'சிவப்பு பெரியவள். மஞ்சள் சின்னவள். இருவரும் நலம்.' அந்த மூன்றாவது வரியை வாசித்ததும் தம்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "ஏண்டி, வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சித்தி. உன் பையன் வித்தை காட்டிட்டிருக்கான்."

சித்திக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. புரை என்றால் அறுத்து எறிந்துவிடலாம். இது பார்வையின் நடுப்பகுதி மட்டும் அரித்துக்கொண்டே போகிற நோய். எதிரே நிற்கிறவரின் முகம் இருக்கிற இடத்தில் அவளுக்கு ஒரு சாம்பல் வட்டம்தான் தெரியும். ஓரப் பார்வை இன்னும் இருந்தது. அதனால் நம்மைப் பார்க்க வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைப் பார்ப்பாள். பழகுகிற வரைக்கும் நமக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்றே தோன்றும். ஆறு மாதத்தில் ஓரமும் மங்கிவிடும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். "பெருசா, ரொம்பப் பெருசா காட்டினா இப்போதைக்குத் தெரியும்" என்றும் சொன்னார். சித்தி வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கக்கா முகத்தை டிவியில போட்டுக் காட்டு. ஒரு தடவை பார்த்துக்கறேன்."

அவளுடைய அக்காதான் என் அம்மா. அம்மாவுக்கு இருக்கிற ஒரே படம் இதுதான்.

இந்தப் படத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். நானும் என் அக்காவும் இரட்டை. பதிவேட்டில் வேறு பெயர்கள் உண்டு. வீட்டில் எட்டு நிமிஷம் முந்திப் பிறந்தவள் பெரியவள், பிந்திப் பிறந்த நான் சின்னி. அச்சு அசலாக ஒரே முகம். ஒரு வித்தியாசம்தான்: ஆளுக்கொரு மச்சம், ஒருத்திக்கு இடது கன்னத்தில், இன்னொருத்திக்கு வலது கன்னத்தில். பிறந்த மூன்றாம் நாள் சித்தி வந்து பார்த்துவிட்டு வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். மச்சம் எதிரெதிர்ப் பக்கம் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. எது யாருக்கு என்பது ஞாபகமில்லை. எங்களுக்கு ஒரு வயது ஆனபோது அப்பா எடுத்த படத்தை அம்மா தபாலில் அனுப்பினாள். நடுவில் அம்மா, இரண்டு மடியிலும் இரண்டு குழந்தை, ஒன்று சிவப்புக் கவுன், ஒன்று மஞ்சள் கவுன்.

மூன்று மாதம் கழித்து நாங்கள் போன பேருந்து பள்ளத்தில் உருண்டது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகளில் ஒன்று. சித்தி போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு குமாஸ்தா பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "இருக்கறது யாரு, போனது யாரு? பேர் சொல்லுங்கம்மா" என்று கேட்டாராம். சொல்லக்கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. சித்தி கைப்பையிலிருந்து படத்தை எடுத்தாள். உயிரோடு இருந்த குழந்தைக்கு மச்சம் இடது கன்னத்தில். படத்தில் இடது கன்னத்தில் மச்சம் இருந்த குழந்தை மஞ்சள். திருப்பிப் பார்த்தாள்: மஞ்சள் சின்னவள். "இருக்கறது சின்னி. போனது பெரியவ" என்று சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டார். அப்படித்தான் நான் சின்னியாக வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து அந்தச் சிவப்புக் கவுன்காரி எங்கள் கூடத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பொய் சொன்னால், "அக்கா பாத்துக்கிட்டே இருக்கா" என்பாள் சித்தி. நான் பரீட்சையில் தேறினால் முதலில் அவளிடம்தான் போய்ச் சொல்வாள்: "பெரியவளே, உன் தங்கச்சி பாஸாயிட்டாடி." எனக்குச் சித்தி சிவப்புத் துணியே எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு அவளிடம் பயம், பொறாமை, கொஞ்சம் பாசம், எல்லாம் உண்டு. ஐந்தாறு வயதில் நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன். கண்ணாடிமுன் நின்றால் உள்ளே நிற்கிறவளுக்கு மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. வலது கன்னத்தில் மச்சம் உள்ளவள் அக்கா. ஆக, அக்கா எங்கும் போகவில்லை, கண்ணாடிக்குள் இருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் என்னோடு வளர்ந்தாள், என்னோடு பல் விழுந்து முளைத்தாள், என்னோடு நரைத்தாள். இந்த வயதிலும் தலை வாரும்போது ஒரு கணம் அவளுக்கு வழிவிட்டுத்தான் சீப்பை எடுப்பேன். கேட்டால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தம்பியின் இரண்டாவது யோசனை ஜெராக்ஸ் கடை ஸ்கேனர். பிரேமைக் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்துக் கவிழ்த்து எடுத்தார்கள். டிவியில் போட்டுப் பார்த்தோம். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்த இடமெல்லாம் பூஞ்சணம் பிடித்தது மாதிரி திட்டுத்திட்டாக விழுந்திருந்தது. அம்மாவின் மூக்கு வாயெல்லாம் புள்ளிகளாக உதிர்ந்து கிடந்தன. சிவப்பும் மஞ்சளும் சாயம்போன ஒரே செங்கல் நிறம். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் மனித முகமாகவே இல்லை.

சித்தி பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி டிவியைப் பார்த்தாள். "இது யாருடி?" என்று கேட்டாள். நான் டிவியை அணைத்தேன்.

பிறகு அவளே சொன்னாள். "உங்கப்பா பெட்டியில ஒரு கவர் இருக்கும். உள்ள பிலிம் மாதிரி ஏதோ. நான் பிரிச்சுப் பாக்கவே இல்ல. பாக்கத் தெம்பில்ல."

தகரப்பெட்டிக்கு அடியில் அந்தக் கவர் இருந்தது. உள்ளே ஒரு துண்டு நெகட்டிவ், நாலே நாலு படம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு உலகம். அம்மாவுக்கு வெள்ளைத் தலைமுடி, கறுத்த பல். இரண்டு குழந்தைகளின் கண்மணிகளும் இரண்டு இரண்டு வெளிச்சப் பொட்டாக என்னையே பார்த்தன. பட்டென்று கவருக்குள் போட்டுவிட்டேன்.

தம்பி நெகட்டிவையும் போனால் எடுத்துவிடலாம், நிறத்தை மாற்றிக்கொள்ள ஆப் இருக்கிறது என்று ஆரம்பித்தான். நான் பேச்சை வளர்க்கவில்லை. பிலிம் மட்டும் ஸ்கேன் செய்கிற ஒருவர் மாடியறையில் இருப்பதாக என் தையல் கடைக்கு வருகிற ஒரு கல்யாணப் போட்டோகிராபர் சொல்லியிருந்தார். நெகட்டிவை ஒரு கையிலும் பழைய படத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை படியேறினேன்.

ஸ்கேன் செய்கிறவர் கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அறையில் தூசி என்று பேர் சொல்ல ஒரு துகள் இல்லை. செருப்பை மட்டுமல்ல, துப்பட்டாவையும் வெளியே உதறிவிட்டு வரச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக் கதையைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பிரிண்ட்டை ஸ்கேன் பண்றது கடைசி வழிங்க. பிரிண்ட்டுங்கறது பிலிம்ல இருக்கறதுல பாதிகூட இல்ல. பிலிம் கைல இருக்கும்போது யாராவது பிரிண்ட்டத் தொடுவாங்களா? அது சரி, கண்ணாடியில ஒட்டினதப் பிய்க்கலியே?"

"ஒரு மூலைல மட்டும்."

"யாரு?"

"என் தம்பி."

"இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க" என்றார்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நெகட்டிவை ஓரத்தில் பிடித்தார். ரப்பர் பந்தால் காற்றை அடித்தார். விளக்குப் பலகைமேல் வைத்து லென்ஸால் பார்த்தார். "பிலிமுக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒண்ணு பளபளப்பு, ஒண்ணு மங்கல். மாத்தி வச்சா எல்லாம் இடவலமா மாறிடும். அதனால ஓரத்துல இருக்கற நம்பரப் பாத்துத்தான் வைப்போம்."

"துணிக்கும் அப்படித்தான். நல்ல பக்கம், உள் பக்கம்" என்றேன். தொழில்காரிக்குத் தொழில்காரன் பேச்சு புரிந்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இயந்திரம் முனகிக்கொண்டே நாலு படத்தையும் ஒவ்வொன்றாக இழுத்தது. படத்துக்கு ஆறு நிமிஷம். பிறகு திரையில் விரித்தார். சாயம்போன செங்கல் நிறத்திலிருந்து அம்மா வெளியே வந்துவிட்டாள். வட்டக்கழுத்து ஸ்வெட்டரின் பின்னல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. புருவத்தின் குறுக்கே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. அப்படி ஒன்று அவளுக்கு இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும். இளையவளாக இருந்தாள். என்னைவிட இருபத்தாறு வயது இளையவள். அழுதுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு லென்ஸைத் துடைத்தார்.

கொஞ்சநேரம் கழித்து, நிறம் ஒத்துப்பார்க்க என் பழைய படத்தை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். பிடித்தவர் சிரித்தார்.

"இதப் பாருங்க. உங்க பிரிண்ட்டு தப்பு."

"என்ன தப்பு?"

"பிரிண்ட் போட்டவன் பிலிமைத் திருப்பி வச்சுட்டான். அவசரத்துல நடக்கறதுதான். இத்தனை வருஷமா நீங்க கண்ணாடியில தெரியற மாதிரிதான் பாத்துட்டிருந்திருக்கீங்க."

பார்த்தேன். சுவரில் இருந்த படத்தில் சிவப்பு அம்மாவின் ஒரு மடியில்; திரையில் மறு மடியில். ஸ்வெட்டருக்குப் பொத்தான் கிடையாது, அம்மாவுக்கு நடு வகிடு, குழந்தைகளின் கவுனுக்குப் பின்பக்கம் பொத்தான். ஒரே ஒரு பொத்தான் முன்னால் இருந்திருந்தால், அது எந்தப் பக்கம் மூடுகிறது என்று பார்த்தே தையல்காரி நான் எப்போதோ கண்டுபிடித்திருப்பேன்.

"நீங்கதான் திருப்பி வச்சிருப்பீங்க" என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்காரி குரலாகக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. பிலிமின் ஓரத்து எண்களைக் காட்டினார்: பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு, எல்லாம் நேராக. பிறகு இதுவரை யாரும் பிரிண்ட் போட்டுப் பார்க்காத பதினான்காம் படத்தைத் திறந்தார். அப்பா கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று எடுத்திருக்கிறார்; சுவரில் ஒரு தேதிக் காலண்டர் விழுந்திருக்கிறது. அதில் இருபத்தேழு என்று எண் நேராக, தெளிவாக இருந்தது.

"இப்ப நம்பறீங்களா?"

நான் காலண்டரைப் பார்க்கவில்லை. நாலு படத்திலும் சிவப்புக் கவுன் குழந்தைக்கு மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

என் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. அவர் அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, "ஓ, இது நீங்களா? சிவப்பு கவுன்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கணக்கு மிகச் சின்னது. குழந்தை மாதிரி விரல் விட்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். அம்மா கவுனின் நிறத்தை வைத்து எழுதினாள், நிறம் திரும்பாது. சித்தி மச்சத்தை வைத்துப் பார்த்தாள், மச்சம் திரும்பிவிட்டது. இடது கன்னத்தில் மச்சம் உள்ளவள் பெரியவள். நான் பெரியவள். செத்துப்போனவள் சின்னி.

பீரோவில் பெரியவள் பெயரில் இறப்புச் சான்றிதழ் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது என்னுடையது.

"எந்தப் பக்கமா சேவ் பண்ணட்டும்? சரியா இருக்கறதா, இல்ல உங்களுக்குப் பழகினதா?" என்று கேட்டார் அந்த நல்ல மனிதர்.

"ரெண்டையும் குடுங்க" என்றேன். ஒன்றுக்கு 'நேர்' என்றும் மற்றதற்கு 'திருப்பியது' என்றும் பெயர் வைத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பட்டப்பகல், தெருவில் வண்டிச் சத்தம், மெஷின்மேல் பாதி தைத்த பாவாடை. எதிரே துணி போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி. அதைப் பார்க்கக்கூடாது என்று எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? பார்த்தேன்.

வலது கன்னத்தில் மச்சத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷமும் அவளை அக்கா என்று நினைத்திருந்தேன். அக்கா இங்கே, நாற்காலியில் இருக்கிறாள். அப்படியானால் இவள்தான் சின்னி. யாரும் இவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சித்தி ஒவ்வொரு வருஷமும் அழுதது சிவப்புக் கவுனைப் பார்த்து. நான் பயந்ததும் பொறாமைப்பட்டதும் சிவப்புக் கவுனிடம். மஞ்சள் கவுனை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதுதான் உயிரோடு இருக்கிறதே, வளர்ந்து தையல் கடை வைத்திருக்கிறதே! இவள் செத்ததுகூட யாருக்கும் தெரியாது. இவள் பெயரை நான் போட்டுக்கொண்டு திரிந்தேன். "சின்னி" என்று கூப்பிட்டபோதெல்லாம் இவள் திரும்பிப் பார்த்திருப்பாள், நான் ஓடிப்போய் நின்றிருப்பேன்.

கன்னத்தைத் தொட்டேன். அவளும் தொட்டாள். நான் கையை இறக்கிய பிறகும் ஒரு கணம் அவள் கை கன்னத்திலேயே இருந்ததாகத் தோன்றியது. பயந்துவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம். பாவாடையை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டு மூடினேன்.

அப்புறம் மூளை வேலை செய்தது. சித்திக்கு எழுபத்தைந்து வயது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதனால் ஏழு வருஷம் கல்யாணம் தள்ளிப்போய், என்னைத் தன் வயிற்றில் பிறந்தவளைப் போல வளர்த்தவள். "போனது பெரியவ" என்று அந்த வராந்தாவில் அவள் வாயால் சொன்னாள். அது தப்பு என்று இப்போது தெரிந்தால்? கண் போகிற நேரத்தில் இது வேறா? அவள் கேட்டது அக்கா முகம். அதை மட்டும் காட்டினால் போதும். 'திருப்பியது' என்ற படத்தைப் போடுவது என்று முடிவெடுத்தேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நாலு மணிக்குத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, டிவிக்கு ஒன்றரை அடி தூரத்தில் சித்தியை உட்காரவைத்தேன். படத்தைப் போட்டேன். அம்மாவின் முகம் மட்டும் திரை முழுக்க வருகிற மாதிரி பெரிதாக்கினேன்.

சித்தி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள். அவள் பார்வை டிவியைத் தாண்டிச் சுவர் மூலையில் நின்றது. "அக்கா" என்றாள். அவ்வளவுதான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இது போதும், அணைத்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

"இரு, இரு." அவள் கையை நீட்டித் திரையைத் தடவினாள். விரல் புருவத்தில் நின்றது. "இது தழும்புதானே?"

"ஆமா சித்தி."

"நான் போட்டதுடி. ஊஞ்சல்ல இருந்து தள்ளிவிட்டுட்டேன். வீட்ல எவ்வளவு கேட்டும் அவ காட்டிக்குடுக்கல. பத்து நாள் நான்தான் எதிர்ல உக்காந்து மருந்து போட்டேன்." விரல் புருவத்திலேயே தயங்கியது. "ஆனா என் இடது கைப் பக்கம் வருமே. இங்க வலது கைப் பக்கம் இருக்கு."

"அப்படித்தான் சித்தி இருக்கு படத்துல."

"எங்கக்கா முகம் எனக்குத் தெரியாதா? கடைக்காரன் திருப்பிப் போட்டுட்டான். சரியாப் போடு."

"இதுல என்ன இருக்கு? முகம் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்லடி." சித்தி என்னைத் தேடித் திரும்பினாள்; எனக்கு இடப்பக்கமிருந்த காலி இடத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். "கடைசியாப் பாக்கறேன். தப்பான முகத்தையா பாத்துட்டுப் போகணும்? சரியாப் போடும்மா."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. 'நேர்' என்ற படத்தைப் போட்டேன். முகத்தை மட்டும் பெரிதாக்கியே வைத்தேன். சித்தி தழும்பின்மேல் விரலை வைத்து, "இதோ, இதான் எங்கக்கா" என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து வருஷக்கணக்காயிற்று.

"கீழ காட்டு. குழந்தைங்களப் பாக்கறேன்."

"போதும் சித்தி, கண்ணு வலிக்கும்."

"காட்டுடி."

காட்டினேன். இரண்டு குழந்தைகளும் திரையில் பானை பானையாக உட்கார்ந்தன. சித்தி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒவ்வொரு கன்னமாகத் தேடினாள். அவள் புத்தியில் அந்தப் புருவமும் ஆஸ்பத்திரி வராந்தாவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, முகம் திரும்பும் என்றால் அன்று படத்தில் பார்த்த மச்சமும் திரும்பியிருக்கலாமே என்று யோசிக்கிறாள் என்பது அவள் முதுகைப் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்தது.

"எனக்கு இப்பல்லாம் கலர் சரியாத் தெரியல" என்றாள் மெதுவாக. "இதுல சிவப்பு எது?"

ஒரு வார்த்தை போதும். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம், இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். அவள் என்னை நம்புவாள். இன்னும் ஆறு மாதத்தில் எதுவும் தெரியாது. பழையபடியே நான் சின்னி, போனவள் பெரியவள். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது திரையில் அந்த மஞ்சள் குழந்தை தெரிந்தது. அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு, காமிராவைப் பார்க்காமல், சிவப்புக் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் அதற்காக அழக்கூடிய ஒரே ஆளையும் நான் தடுக்கப்போகிறேன் என்று தோன்றியது.

"இடது கன்னத்துல மச்சம் இருக்குல்ல சித்தி, அதுதான் சிவப்பு" என்றேன்.

சித்தியின் கை ஒன்று என் பக்கம் வந்தது. குருடர் மாதிரி என் முகத்தைத் தடவி, இடது கன்னத்து மச்சத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியது. கை ஜில்லென்றிருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டாள். எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் திரையில் மஞ்சள் கவுன்மேல் வைத்து, நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"சின்னி" என்றாள். அடிவயிற்றிலிருந்து வந்த குரல். "சின்னி... என் சின்னி..."

"என்ன சித்தி?" என்றேன்.

"உன்ன இல்லம்மா" என்றாள் சித்தி.